இமைக்கு ஒளி, கண்ணுக்கு நலம்

அழும்போது மட்டுமே கண்ணில் நீர் இருப்பதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில், விழித்திருக்கும் நேரம் முழுவதும் கண்ணின் மேல் மெல்லிய கண்ணீர்ப் படலம் ஒன்று பரவியிருக்கிறது. இமைக்கும் ஒவ்வொரு முறையும் அது புதுப்பிக்கப்படுகிறது. இப்படலம் நிலைகுலைந்தால் கண் எரியும். மணல் விழுந்தாற்போல் உறுத்தும். பார்வை அவ்வப்போது மங்கும். இதுவே கண் உலர்வு நோய். ஆண்டுக்கணக்கில் வருத்தும் இந்நோய்க்கு இன்று ஒளியைக் கொண்டும் சிகிச்சை செய்கிறார்கள். வியப்பு என்னவென்றால், இச்சிகிச்சையில் ஒளி விழியில் படாதபடி கண்ணை மறைத்துவிடுகிறார்கள்! கண்ணை மறைத்துவிட்டுக் கண்ணுக்கு மருத்துவமா? இதைப் புரிந்துகொள்ள 350 ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

இமைக்குள் எண்ணெய்

1666-ஆம் ஆண்டில் ஹைன்ரிக் மைபோம் என்னும் ஜெர்மானிய மருத்துவர், இமைகளுக்குள் வரிசையாக அமைந்துள்ள நுண்ணிய சுரப்பிகளைப் பற்றி விரிவாக எழுதினார். அவர் பெயராலேயே அவை மைபோமியன் சுரப்பிகள் எனப்படுகின்றன. இவை சுரப்பது நீரன்று. எண்ணெய் போன்ற ஒரு பொருள்.

இந்த எண்ணெய் எதற்கு? 1946-இல் யூஜின் உல்ஃப் என்பவர் கண்ணீர்ப் படலத்தை மூன்று அடுக்குகளாக விளக்கினார். அடியில் சளிப்பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய். கீழ் இரண்டும் ஒன்றோடொன்று கலந்தே இருப்பதாக இன்று கருதுகிறார்கள். ஆனால், மேலுள்ள எண்ணெய் மூடிபோல் இருந்து நீர் ஆவியாவதைத் தடுக்கிறது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

எனினும் மருத்துவர்களின் கவனம் நெடுங்காலம் நீரின் மீதே இருந்தது. 1903-இல் ஓட்டோ ஷிர்மர் வகுத்த சோதனையில், வடிதாள் துண்டொன்றைக் கீழிமையில் செருகி, அது எவ்வளவு நனைகிறது என்று அளந்தார்கள். 1933-இல் சுவீடனைச் சேர்ந்த ஹென்ரிக் ஷோகிரென், கண்ணும் வாயும் வறண்டு மூட்டு நோயும் சேர்ந்து வரும் நிலையை ஆராய்ந்து எழுதினார். எண்ணெயின் பக்கம் கவனம் திரும்புவதற்கு மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1980-இல் அமெரிக்காவில் கோர்ப், ஹென்றிகெஸ் ஆகிய இருவர், சுரப்பி வாயில்கள் அடைபட்டு எண்ணெய் வெளிவராத நிலையை மைபோமியன் சுரப்பிக் கோளாறு என்று குறித்தனர். கண்ணீர் போதுமான அளவு ஊறினும், மேல்மூடி இல்லாததால் விரைவில் உலர்ந்துவிடும். இதற்கு வெந்நீர் ஒற்றடம் கொடுத்து, உறைந்த எண்ணெயை இளக்கிப் பிதுக்குவதே வழக்கமான வைத்தியம்.

ஒளி தன் இலக்கைத் தேடிய கதை

ஒளி மருத்துவத்தின் வரலாறோ தோலில் தொடங்குகிறது. பாரோ தீவுகளில் 1860-இல் பிறந்த நீல்ஸ் ஃபின்சென், முகத்தை அரித்துச் சிதைக்கும் தோல் காசநோயைக் குவித்த ஒளியால் குணப்படுத்தினார். 1896-இல் கோபன்ஹேகனில் ஒளி மருத்துவ நிலையம் ஒன்றை நிறுவினார். 1903-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தாமே தீராத நோயுற்றிருந்த அவர், அடுத்த ஆண்டே 43 வயதில் மறைந்தார்.

நோயுற்ற பகுதியை மட்டும் ஒளி தாக்கி, சுற்றியுள்ள தோலை விட்டுவைக்குமா? 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் இதற்கு விடை கூறினர். வெயிலில் வெள்ளைத் துணியைவிடக் கறுப்புத் துணி அதிகம் சூடேறுகிறதல்லவா? அதுபோல் உடலிலுள்ள ஒவ்வொரு நிறப்பொருளும் தனக்கேற்ற ஒளியையே மிகுதியாக உறிஞ்சும். அந்த ஒளியை மிகக் குறுகிய துடிப்பாகச் செலுத்தினால், வெப்பம் பக்கத்தில் பரவுமுன் இலக்கு மட்டும் சூடாகும். இக்கொள்கையின் வழியில் 1990-களில் துடிப்பொளிக் கருவிகள் புழக்கத்துக்கு வந்தன. செனான் விளக்கின் மின்வெட்டுப் போன்ற ஒளியை வடிகட்டி, இரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சும்படி செலுத்தினர். விரிந்து சிவந்த நுண்ணிய இரத்த நாளங்கள் சுருங்கி மூடிக்கொண்டன.

கன்னத்தில் பட்டது

முகம் சிவந்து கொப்புளிக்கும் ரோசேசியா என்ற தோல்நோய்க்கும் இவ்வொளி பயன்பட்டது. 2000-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கண் மருத்துவர் ரோலண்டோ டோயோஸ் ஒன்றைக் கவனித்தார். கன்னத்துக்கு ஒளிச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கண் உலர்வும் தணிந்திருந்தது! இமையோர நாளங்கள் சுருங்குவதால் அழற்சி குறைகிறது. எண்ணெயும் இளகுகிறது என்று விளக்கம் கூறுகிறார்கள். எனினும் ஒளி செயற்படும் விதம் இன்னும் முழுமையாகத் தெளிவாகவில்லை.

கவனித்தது வேறு, நிறுவுவது வேறு. கண் உலர்வு தானாகவே கூடும், குறையும். குணமாகும் என்ற நம்பிக்கையே பாதி நோயைத் தணித்ததாகத் தோன்றலாம். ஆகவே 2015-இல் நியூசிலாந்தில் 28 பேரிடம் ஒரு சோதனை நடத்தினர். ஒரு கண்ணின் கீழ் உண்மை ஒளி. மறு கண்ணின் கீழ் பாவனை மட்டும். 45-ஆம் நாளில் உண்மை ஒளி பெற்ற பக்கமே எண்ணெய்ப் படலத்தில் தேர்ச்சி காட்டியது. ஆனால் 2020-இல் காக்ரேன் என்ற ஆய்வு மதிப்பீட்டு அமைப்பு தேடியபோது, தகுதியான சோதனைகள் மூன்றே கிடைத்தன; பங்கேற்றோர் 114 பேர்தாம். உறுதியாக முடிவு கூற அது போதாது என்றது அம்மதிப்பீடு. 2021-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இவ்வகைக் கருவி ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது.

நிறம் வகுத்த எல்லை

அந்த ஒப்புதலில் ஒரு வரையறை உண்டு. நாம் அதைக் கட்டாயம் அறிய வேண்டும். வெயிலில் தோல் கன்றும் தன்மையைக் கொண்டு தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த முறை, பின்னர் விரிவாக்கப்பட்டு, மனிதத் தோலை 6 வகையாகப் பிரிக்கிறது. ஒப்புதல் முதல் 4 வகைகளுக்கு மட்டுமே. கருநிறத் தோல் 5, 6-ஆம் வகை. அங்கே மிகுந்துள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சுவதால், இரத்த நாளத்தைச் சூடாக்க வேண்டிய ஒளி தோலையே சுட்டுவிடலாம். தழும்பும் நிறமாற்றமும் நேரலாம்.

எந்த விதி ஒளிக்கு இலக்கைக் காட்டிக் கொடுத்ததோ, அதே விதிதான் அதற்கு எல்லையையும் வகுத்தது. வெளுத்த தோலில் சோதித்த அளவு, நம் ஊர்த் தோலுக்கு அப்படியே பொருந்தாது. எனவே இச்சிகிச்சையை நாடுவோர், "என் தோல் எந்த வகை? அதற்கு இந்த ஒளி ஏற்றதா?" என்று மருத்துவரிடம் முதலில் கேட்டுவிட வேண்டும்.