கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (மே 31, 1911 – 1977) புகழ்பெற்ற ஓவியரும் கலை ஆசிரியரும் ஆவார். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர் இவரே.

வாழ்க்கை

கோயம்புத்தூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். தந்தித் துறையிலும் ஆயுள் காப்பீட்டுத் துறையிலும் பணியாற்றிய பின்னர், 1936ல் சென்னை அரசு கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அதன் தலைவராக இருந்தவர், மெரினா உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பணிக்கர் 1944ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகி, 1957ல் அதன் முதல்வரானார்.

ஓவியங்கள்

தொடக்கத்தில் நீர்வண்ண இயற்கைக் காட்சிகளை வரைந்தார். 1954ல் ஐரோப்பாவிற்குச் சென்று வந்தார். 1963ல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில், கணிதக் குறிகளும் சாதகக் கட்டங்களும் எழுத்துப் போன்ற வடிவங்களும் இடம்பெறுகின்றன. அவ்வெழுத்துகள் படிப்பதற்கு உரியவை அல்ல, பார்ப்பதற்கு உரியவை.

சோழமண்டலம்

அக்காலத்தில் ஓவியங்களை வாங்குவோர் மிகச் சிலரே. ஆகவே கலைப் பள்ளியில் தேர்ந்த மாணவர் பலர் பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குச் சென்றனர். இதற்குத் தீர்வாக, பத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைச் செய்து விற்கும் சங்கம் ஒன்றைப் பணிக்கரும் மாணவர்களும் அமைத்தனர். அவ்வருவாயைக் கொண்டு 1966ல் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிக் குடியேறினர். சென்னையிலிருந்து கடலூர், சிதம்பரம் நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இக்கிராமம் உள்ளது. கைவினை வயிற்றுக்கும் ஓவியம் மனத்துக்கும் என்ற இந்த ஏற்பாடே, பலர் முழுநேரக் கலைஞர்களாக நிலைக்க உதவியது.

பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் திருவனந்தபுரத்தில் தனிக் காட்சிக்கூடம் உள்ளது.