யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்?

மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது நம் அடி அண்ணாமலையில் என்பது மரபு. மார்கழி விடியலில் யாழ்ப்பாணக் கோயில்களிலும் அதைப் பாடுகிறார்கள். அந்த ஊர் நமக்கு எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையம் நேர்கோட்டில் சுமார் 180 கி.மீ. ஏறக்குறைய நாம் பேருந்தில் திருச்சி போகிற தூரம்தான்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படை அமைத்த தளம் பலாலி. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் இறங்கித்தான் சென்னை வந்தது. பின்னர் உள்நாட்டுப் போரில் இந்த வழி அடைபட்டது. விமானத்தில் தமிழ்நாடு வர நினைத்த யாழ்ப்பாணத்தார், முதலில் தெற்கே சுமார் 400 கி.மீ. பயணம் செய்து கொழும்பு போக வேண்டியிருந்தது.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2025 மார்ச் 30 அன்று திருச்சி விமானமும் தொடங்கியது. பயண நேரம் சுமார் ஒரு மணி.

நாம் 14 கி.மீ. கிரிவலம் சுற்றி முடிப்பதற்குள் கடந்துவிடக்கூடிய தூரம் இது. இதற்காகத்தான் ஒரு தலைமுறை கொழும்பைச் சுற்றி வந்தது. வருகிற மார்கழியில் கிரிவலப் பாதையில் யாழ்ப்பாண அன்பர்களைக் கண்டால், முன்பெல்லாம் எப்படி வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.