பாய்மரத்தில் பிறந்த வார்னிஷ்

வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரத்துக்கு என்ன பூசலாம்? பெயிண்ட் அடித்தால் மரம் பிழைத்துக்கொள்ளும், ஆனால் அதன் ரேகையும் நிறமும் மறைந்துவிடும். அழகும் தெரிய வேண்டும், மரமும் கெடக்கூடாது என்றால் ஒளி ஊடுருவும் பூச்சு வேண்டும். இந்த ஆசைக்குப் பின்னால் ஒரு நல்ல வரலாறு இருக்கிறது நண்பர்களே!

இன்றும் வார்னிஷ் டப்பாக்களில் 'ஸ்பார்' என்ற சொல்லைப் பார்க்கலாம். பாய்மரக் கப்பலில் பாயைத் தாங்கும் நீண்ட கழிகளுக்குத்தான் ஸ்பார் என்று பெயர். காற்று அடிக்கும்போது அவை வளையும். மேலே பூசியது கண்ணாடி போல விறைப்பாக இருந்தால் வெடித்துவிடும். அதனால் பிசினைக் குறைத்து எண்ணெயைக் கூட்டிக் காய்ச்சினார்கள். எண்ணெய் கூடினால் பூச்சு மரத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். இதுதான் ஸ்பார் வார்னிஷின் அடிப்படை.

ஆனால் அந்நாளில் பெரும்பாலும் பயன்பட்டது ஆளிவிதை எண்ணெய். அதில் செய்த வார்னிஷ் தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும். சீனர்களோ பல நூற்றாண்டுகளாகப் படகுகளுக்கு டங் மரத்தின் கொட்டையில் எடுத்த எண்ணெயைப் பூசி வந்தார்கள். இது நீரை நன்றாகத் தாங்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வார்னிஷ்காரர்கள் இதைப் பெரிய அளவில் வாங்கத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்காவின் தென்கரை மாநிலங்களிலேயே டங் தோட்டங்களும் வளர்ந்தன. 1969-ல் அடித்த கமில் புயல் அந்தத் தோட்டத் தொழிலை ஏறக்குறைய முடித்துவைத்தது.

1906-ல் வாலன்டைன் என்ற அமெரிக்க நிறுவனம் 'வால்ஸ்பார்' வார்னிஷை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளம்பரம் ரொம்பப் பிரபலம். வார்னிஷ் பூசிய மேசை மீது கெட்டிலில் இருந்து கொதிக்கும் நீரை ஊற்றுவார்கள். பூச்சு வெளுக்காது! அடுத்து 1920-களில் எண்ணெயில் கரையும் பினாலிக் பிசின்கள் வந்தன. 1937-ல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் பாலியூரித்தேன் வேதியியலைக் கண்டுபிடித்தார்கள். கடினமான, தேயாத பூச்சுகளுக்கு அது வழி திறந்தது.

சரி, தண்ணீரை ஜெயித்தாயிற்று. அப்படியும் வெளியே பூசிய வார்னிஷ் ஏன் செதில் செதிலாக உரிகிறது?

காரணம் வெயில். மரத்தின் நார்களை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது லிக்னின் என்ற பொருள். புற ஊதாக் கதிர் இதை உடைக்கும். பூச்சு எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ, அவ்வளவு ஒளி உள்ளே போகும். பூச்சு நன்றாகவே இருக்கும், ஆனால் அதற்கு அடியில் இருக்கும் மரத்தின் மேல்தோல் பொடிந்துபோகும். பிடிமானம் போன பிறகு பூச்சு எப்படி நிற்கும்? எந்தத் தெளிவுக்காக அதை வாங்குகிறோமோ, அந்தத் தெளிவேதான் அதன் பலவீனம்.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, கதிரை உறிஞ்சும் வேதிப்பொருளை வார்னிஷிலேயே கலப்பது. இன்னொன்று, முழுத் தெளிவைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1910-ல் தொடங்கிய வனப்பொருள் ஆய்வகம், 1950-களில் ஆளிவிதை எண்ணெய், மெழுகு, இரும்பு ஆக்சைடு நிறமி எல்லாம் சேர்ந்த ஒரு பூச்சைத் தந்தது. ரேகை தெரியும், நிறமி வெயிலைத் தடுக்கும். மேலே படலமாக நிற்காமல் மரத்துக்குள் இறங்கிவிடுவதால் உரிவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் பூஞ்சையைக் கொல்ல அதில் சேர்த்த பென்டாகுளோரோபினால் கொடிய நஞ்சு. 2015-ல் அது ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

நூறு வருட வரலாறு நமக்குச் சொல்வது இவ்வளவுதான். வெளி மரத்துக்கு வீட்டுக்குள் பூசும் கடின வார்னிஷ் வேண்டாம். நெகிழும் தன்மையும் புற ஊதாத் தடுப்பும் உள்ளதைத் தேடுங்கள். மரத்தின் வெட்டுமுனைகள்தான் அதிகம் நீர் குடிக்கும், அங்கே தாராளமாகப் பூசுங்கள். நேரடி வெயிலில் தெளிவான வார்னிஷ் ஓரிரு வருடம்தான் தாங்கும். அது உரியத் தொடங்கும் முன்பே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மறுபடி பூசிவிட வேண்டும். அவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் இளநிறம் கலந்த பூச்சை எடுத்துக்கொள்ளலாம்.

கப்பல்காரர்கள் ஒருமுறை பூசிவிட்டு மறந்துபோனவர்கள் இல்லை. திரும்பத் திரும்பப் பூசினார்கள், அதனால்தான் அவர்கள் மரம் பளபளத்தது.