சன்ஸ்க்ரீனின் நோக்கம் மாறிய வரலாறு

வெயிலில் கூடுதல் நேரம் கிடப்பதற்கென்றே சன்ஸ்க்ரீன் முதலில் விற்கப்பட்டது. அது நோய்த்தடுப்புக் கருவியானது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். அந்த மாற்றத்துக்குப் பெரும்பங்கு ஆற்றிய நாடு ஆஸ்திரேலியா என்பதே இக்கட்டுரையின் கருத்து.

தோலைச் சுடுவது வெப்பம்தான் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1820 ஆகஸ்டில் ஆங்கிலேய அறுவை மருத்துவர் எவரார்ட் ஹோம் தம் இரு புறங்கைகளையும் வெயிலில் காட்டினார். ஒரு கைமேல் கறுப்புத் துணி; மற்றது வெறுங்கை. இரண்டிலும் வெப்பமானி. துணிக்கடியில்தான் சூடு அதிகம் ஏறியது, கன்றிப்போனதோ வெறுங்கை. வெப்பமல்லாத ஏதோ ஒன்று தோலைத் தாக்குகிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. ரிட்டர் 1801இலேயே புற ஊதாக் கதிரைக் கண்டறிந்திருந்தும், தோல் கன்றுவதற்கு அதுவே காரணம் என்று ஸ்வீடனின் விட்மார்க் நிறுவ 1889 ஆயிற்று.

ஆபத்தும் மறைந்திருக்கவில்லை. மாலுமிகளின் வெயில் பட்ட தோலில் புற்றுநோய் வருவதை 1894இல் ஜெர்மானிய மருத்துவர் உன்னா விவரித்தார். 1928இல் ஃபிண்ட்லே புற ஊதா ஒளியால் எலிகளுக்குப் புற்று வரச்செய்தார். ஆனால் சந்தை வேறு திசையில் போனது. பிரான்சில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுப்புச் சட்டம் வந்த 1936ஐ ஒட்டித்தான் லோரியாலின் 'ஆம்ப்ர் சொலேர்' எண்ணெயும் வந்தது: கன்றாமல் மாநிறம் பெற. பின்னர் ஃபிரான்ஸ் கிரைட்டர் பரப்பிய எஸ்.பி.எஃப். எனும் வெயில் பாதுகாப்பு எண்ணும் தோல் சிவப்பதைத்தான் அளந்தது. சிவக்காத தோல் பாதுகாப்பாக இருக்கிறது என்று மக்கள் எண்ணியதில் வியப்பில்லை. அது ஆபத்தான எண்ணம் என்பேன்.

1981இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலப் புற்றுநோய் அமைப்பு, சிட் என்ற கார்ட்டூன் கடற்பறவையைத் தொலைக்காட்சியில் பாடவைத்தது. முதலில் சட்டை, பிறகு சன்ஸ்க்ரீன் பூச்சு, அப்புறம் தொப்பி. சட்டையை முதலில் வைத்ததை இந்த வரலாற்றின் முக்கியத் திருப்பமாகக் கருதுகிறேன்.

ஆயினும் பூச்சு புற்றைத் தடுக்கிறதா என்பதற்கு நேரடிச் சான்று வேண்டியிருந்தது. குயின்ஸ்லாந்தின் நாம்பூர் ஊரில் அடேல் கிரீன் குழுவினர் 1992இல் 1,621 பேரைக் கொண்டு ஆய்வு தொடங்கினர். ஒரு பிரிவினர் தலை, கழுத்து, கைகளில் தினமும் தடவினர். மற்றவர்கள் தம் வழக்கப்படி விடப்பட்டனர். உண்மையில் எவ்வளவு தடவினார்கள் என்றறிய, திரும்பி வந்த குப்பிகளை எடை போட்டார்கள். நாலரை ஆண்டு முடிவில், தினமும் தடவியவர்களிடம் செதிள்செல் புற்றுக்கட்டிகள் ஏறத்தாழ 40% குறைந்திருந்தன. அடித்தளச்செல் புற்றில் வேறுபாடில்லை. பத்தாண்டுத் தொடர் கண்காணிப்பில் மெலனோமா என்ற தோல்புற்று தினமும் தடவியவர்களில் 11 பேருக்கும், மற்றவர்களில் 22 பேருக்கும் வந்தது. வெயிலால் வரும் தோல் மூப்பும் குறைந்ததாக 2013இல் இன்னொரு கட்டுரை வந்தது.

இந்த எண்களை அப்படியே தமிழர் தோலுக்கு ஏற்றிவிடக் கூடாது. நாம்பூரில் ஆராயப்பட்டது பெரும்பாலும் வெளிர்தோல். மெலனின் மிகுந்த நம் தோலில் வெயிலால் வரும் புற்று மிகக் குறைவு. நம்மை அதிகம் வாட்டுவது மங்கு. அதைக் கருக்க வைப்பதில் புற ஊதாக் கதிரோடு கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. நிறமற்ற சாதாரணப் பூச்சு அந்த ஒளியை அவ்வளவாகத் தடுப்பதில்லை. இரும்பு ஆக்சைடு கலந்த நிறப்பூச்சு மங்குக்குக் கூடுதல் பலன் தருவதாக அண்மை ஆய்வுகள் காட்டியுள்ளன.