வெள்ளிக் கிண்ணமும் விதியும்: நியூயோர்க் பாய்க்கலக் கழகத்தின் வரலாறு

கடல் மனிதனுக்கு முதலில் உணவைத் தந்தது. பின்னர் வாணிகத்தைத் தந்தது. அதன் பின்னரே அது விளையாட்டுக் களமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் விரைந்து செல்லும் சிறு பாய்க்கலங்களைக் கட்டி, அவற்றை ‘யாட்’ என வழங்கினர். 1660 இல் இங்கிலாந்தின் அரசுகட்டில் ஏறிய இரண்டாம் சாள்ஸ் மன்னனுக்கு ஆம்ஸ்ரர்டாம் நகரத்தார் அத்தகைய கலமொன்றைப் பரிசளித்தனர். அதன் பின் அரசரும் பிரபுக்களும் பொழுதுபோக்காகக் கலஞ் செலுத்தும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றிற்று. அயர்லாந்தின் கோர்க் துறைமுகத்தில் 1720 இல் எழுந்த சங்கமே இவ்வகைக் கழகங்களுள் மிகப் பழையதென்பர். எனினும், ஒரு வெள்ளிக் கிண்ணத்தை 1857 தொடக்கம் 1983 வரை கைவிடாது காத்தமையால் உலகப் புகழ் எய்தியது நியூயோர்க் பாய்க்கலக் கழகமேயாகும். அதன் வளர்ச்சியை ஆராய்வோர்க்குப் பிறிதொரு வினாவும் எழும்: போட்டியிடுவோனே விதியையும் வகுப்பானாயின் நேர்வது யாது?

1844 ஆம் ஆண்டு யூலை 30 ஆம் நாள், நியூயோர்க் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ‘கிம்கிராக்’ என்னும் கலத்தில் ஒன்பது நண்பர் கூடினர். கலத்துக்குரியவரான ஜோன் கொக்ஸ் ஸ்டீவன்ஸ் என்பவரைத் தலைவராகத் தெரிந்து கழகத்தைத் தோற்றுவித்தனர். அடுத்த ஆண்டில், ஹட்சன் ஆற்றின் எதிர்க்கரையிலுள்ள ஹோபோக்கனில், ஸ்டீவன்ஸ் குடும்பத்தாரின் நிலத்திலே எளியதொரு மனை எழுந்தது. கழகத்தின் முதற் பந்தயமும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தது. செல்வர் சிலரின் கூட்டுறவாகவே கழகம் பிறந்ததெனினும், விரைந்து செல்லும் கலத்தைக் கட்டும் கலையில் அவர் கொண்ட ஆர்வம் மெய்யானதாகும்.

அவ்வார்வத்தின் கனியே ‘அமெரிக்கா’ என்னும் இருபாய்மரக் கலம். ஸ்டீவன்சும் ஐவரும் பணம் திரட்ட, ஜோர்ஜ் ஸ்டியர்ஸ் என்பார் அதனை வகுத்தமைத்தார். 1851 இல் இலண்டனில் உலகப் பொருட்காட்சி நிகழ்ந்த வேளையில், அக்கலம் அத்திலாந்திக் கடலைத் தானே கடந்து இங்கிலாந்தை அடைந்தது. ஓகத்து 22 ஆம் நாள் வைற் தீவைச் சுற்றி நிகழ்ந்த 53 கடல்மைல் ஓட்டத்தில், பிரித்தானியக் கலங்கள் 14 உடன் அது தனித்துப் போட்டியிட்டு முதலாவதாக வந்தது. அவ்வோட்டத்தில், வழக்கமாகச் சுற்றிச் செல்லவேண்டிய கலங்கரை விளக்கக் கப்பலொன்றை ‘அமெரிக்கா’ சுற்றாது சென்றதென முறையீடு எழுந்தது. எனினும், அதற்கு வழங்கப்பட்ட அறிவுறுத்தலில் அவ்விதி குறிக்கப்படாமையால் முறையீடு வலியிழந்தது. பரிசும் அந்நியர்க்கே கிடைத்தது. தம் கடலில், தம் அரசி காண, தோல்வியை ஏற்றுக்கொண்ட விருந்தோம்புநரின் பெருந்தன்மை நினைவிற் கொள்ளத்தக்கது.

வென்றோர் கலத்தைச் சில நாட்களுள் விற்றுவிட்டனர். கிண்ணத்தை மட்டும் தாயகம் கொணர்ந்து, 1857 இல் கழகத்திடம் ஒப்படைத்தனர். பிறநாடுகளுக்கிடையே நட்புமுறைப் போட்டி நிகழ்தற் பொருட்டு அது என்றும் நிலைத்திருத்தல் வேண்டுமென்பதே கொடைப்பத்திரத்தின் கருத்து. ‘அமெரிக்கா’ என்னும் கலத்தின் பெயரால் அது ‘அமெரிக்காக் கிண்ணம்’ எனப் பெயர்பெற்றது.

நட்பு என்னும் சொல் பத்திரத்தில் எழுதற்கு எளிது; நடைமுறையிற் பேணுதற்கு அரிது. 1870 இல் ஜேம்ஸ் அஷ்பரி என்னும் ஆங்கிலேயர் ‘கேம்பிரியா’ என்னும் கலத்துடன் முதன்முதல் அறைகூவி வந்தார். 1851 இல் எங்கள் கலம் பல கலங்களை எதிர்த்தது. ஆகவே நீரும் அவ்வாறே செய்க எனக் கழகத்தார் கூறி, தம் கலக்கூட்டம் முழுவதையும் அவருக்கெதிரே நிறுத்தினர். அவர் தோற்றார். மறுவருடம் அவர் ‘லிவோனியா’ என்னும் கலத்துடன் வந்தபோது, போட்டி என்பது ஒன்றுக்கொன்று எதிர்நிற்பதே என்று கொடையாளருள் ஒருவரான ஜோர்ஜ் ஸ்கைலர் பொருள் விரித்தார். கழகமோ நான்கு கலங்களை ஆயத்தமாக வைத்து, அன்றன்று வீசும் காற்றுக்கேற்ற ஒன்றைக் காலையிலே தெரிந்து அனுப்பிற்று. அஷ்பரி மனக்கசப்புடன் மீண்டார்.

பின்னர் 1882 இலும் 1887 இலும் பத்திரம் திருத்தி எழுதப்பட்டது. அறைகூவுவோர் பத்து மாதங்களுக்கு முன்னரே தம் கலத்தின் முதன்மையான அளவுகளை அறிவித்தல் வேண்டும். அவர்தம் கலம் கடலைத் தானே பாய்விரித்துக் கடந்து வருதல் வேண்டும். இவ்விதிகளின் பயன் வெளிப்படை. பெருங்கடலின் அலைக்குத் தாங்குமாறு கட்டிய கலம் கனமுடையதாகும்; துறைமுகத்தருகே மட்டும் ஓடும் கலத்தை மெலிதாகக் கட்டலாம். பகைவன் வாளின் நீளத்தை முன்னறிந்து தன் வாளை வடிப்பவனுக்கு வெற்றி எளிதன்றோ! எனினும் விதியொன்றே வெற்றியைத் தந்ததெனல் நேர்மையாகாது. நதானியல் ஹெரெஷொஃப் போன்ற மேதைகளின் கைவண்ணமும் மாலுமிகளின் பயிற்சியும் அவ்வெற்றிக்குப் பெரிதும் காரணமாயின.

1895 இல் டன்ரேவன் பிரபு, எதிர்க்கலத்தில் இரவோடிரவாகப் பாரம் ஏற்றப்பட்டதெனக் குற்றஞ்சாட்டினார். கழகம் விசாரணைக் குழுவொன்றை அமைத்தது. கடற்படை வரலாற்றாசிரியரான மஹானும் அதில் இருந்தார். குற்றச்சாட்டு ஆதாரமற்றதெனக் குழு தீர்ப்பளிக்க, பிரபுவின் கௌரவ உறுப்புரிமை நீக்கப்பட்டது. எனினும், வழக்காளியின் வீட்டிலேயே நீதிமன்றமும் அமைந்தது என்னும் குறை எஞ்சியே நின்றது.

இக்கசப்பினை மாற்றியவர் இலங்கையரும் நன்கறிந்த ஒருவர். சேர் தொமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடை வைத்து உயர்ந்த அவர், 1890 இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து தேயிலை அதனிடத்தைப் பெற்ற காலம் அது. தேயிலையாற் பெரும்புகழ் பெற்ற அவர், 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து ஆண்டுகளிலும் ‘ஷம்றொக்’ என்னும் பெயர்தாங்கிய ஐந்து கலங்களுடன் அறைகூவி வந்தார். 1920 இல் முதலிரு ஓட்டங்களையும் வென்றும், எஞ்சிய மூன்றையும் இழந்தார். 1930 இல் ‘எண்டர்பிறைஸ்’ அவரை நான்கு ஓட்டங்களிலும் வென்றது. ஐந்து முறையும் அவர் வென்றோரைப் புகழ்ந்து புன்னகையுடன் மீண்டார். அவரது பண்பினை மெச்சிய அமெரிக்கப் பொதுமக்கள், சிறு சிறு தொகையாகப் பணம் சேர்த்து அவருக்குப் பொற்கிண்ணம் ஒன்றை அளித்தனர். பிரித்தானியாவின் முதன்மையான அரச கலக்கழகமோ, மளிகை வாணிகராகிய அவரை 1931 இல், அவர் இறக்கும் ஆண்டிலேதான் உறுப்பினராக ஏற்றது. பிறப்பை நோக்கிய கழகமும் பண்பை நோக்கிய மக்களும் வேறுபட்டவாறு காண்க.

ஈண்டு நாம் மற்றொன்றையும் நினைத்தல் வேண்டும். லிப்டனின் செல்வம் முழுவதும் தேயிலையில் விளைந்ததன்று. எனினும், ஷம்றொக்கின் பட்டுப்போன்ற பாய்களில் ஊவா மலைச்சரிவின் உழைப்பும் கலந்திருந்தது. தமிழகத்தினின்றும் வந்து, பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்துக் கூடை சுமந்த தாய்மார், கடல் கடந்த அப்பந்தயத்தைக் கண்டவருமல்லர். அதனைக் கேட்டவரும் சிலரே. வரலாற்றாசிரியர் கலத்தின் நீளத்தையும் பாயின் பரப்பையும் குறித்து வைத்தனர். கூடையின் நிறையைக் குறித்தவர் சிலர். அந்நிறையையும் சேர்த்தெழுதினாலன்றி இவ்வரலாறு முழுமை பெறாது.

கழகத்தின் செல்வமும் இதற்கிடையே வளர்ந்தது. அதன் தலைவராயிருந்த பெருவணிகர் ஜே. பி. மோர்கன் அளித்த நிலத்தில், மன்ஹட்டனின் 44 ஆம் வீதியில், 1901 இல் பெருமனையொன்று திறக்கப்பட்டது. கப்பலின் பின்புறத்தைப் போன்ற சாளரங்களும், கலங்களின் மாதிரியுருக்கள் நிறைந்த மண்டபமும் அதற்கு அழகு செய்கின்றன. கிண்ணம் அம்மனையிலே மேசையோடு முடுக்கி வைக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பழைய பெருங்கலங்கள் செலவு மிகுதியால் மறைந்தன. 1956 இல் பத்திரம் மீண்டும் திருத்தப்பட்டு, கடலைத் தானே கடக்கவேண்டுமென்னும் விதி நீங்கிற்று. 1958 முதல் பன்னிரு மீற்றர் வகைச் சிறு கலங்கள் ஓடின. விதி தளர, எதிரிகளும் வலிமை பெற்றனர். 1870 தொடக்கம் 1980 வரை 24 முறை கிண்ணத்தைக் காத்த கழகம், 1983 இல் ‘அவுஸ்திரேலியா II’ என்னும் கலத்தை எதிர்கொண்டது. அதன் அடிப்புறத்தில் பென் லெக்சன் அமைத்திருந்த சிறகுகள் விதிக்கு முரணானவை எனக் கழகத்தார் நிறுவ முயன்றும் இயலவில்லை. 3–1 என முன்னின்ற அமெரிக்கக் கலம் அடுத்த மூன்று ஓட்டங்களையும் இழந்தது. செப்டெம்பர் 26 ஆம் நாள், 1851 இல் வென்ற கிண்ணம் 132 ஆண்டுகளின் பின் அவர்தம் கையை விட்டகன்றது.

தோல்வியோடு கழகம் அழிந்ததா? இல்லை. 1988 இல் நியூபோர்ட் நகரில் மற்றொரு மனையைத் திறந்து, தன் பணியை விரித்தது. 2021 இலும் 2024 இலும், முன்னர் அஷ்பரியும் லிப்டனும் நின்ற இடத்திலே, அறைகூவுவோராகப் போட்டியிற் புகுந்தது, கிண்ணத்தை மீட்டிலது. கிண்ணமோ அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, சுவிற்சர்லாந்து எனப் பலநாடு சென்று, கொடையாளர் விரும்பியவாறு உண்மையான அனைத்துநாட்டுப் பரிசாயிற்று.

ஆகவே, ஒன்பது நண்பரின் கழகம் நமக்குணர்த்துவது இதுவேயாகும். திறமையால் வென்ற பரிசை விதியாற் காக்கலாம். ஆனால் விதியாற் காத்த பரிசு நட்பை வளர்ப்பதில்லை. வென்றவர் பலரின் பெயரை மக்கள் மறந்தனர். ஐந்து முறை தோற்றவரை மறந்திலர். ஆடுகளத்தில் மட்டுமன்றி, கழகம், சபை, அரசு எங்கணும் விதி வகுக்கும் இடத்தில் அமர்வோர் சிந்தித்தற்குரிய பாடம் இது.