பல்லாங்குழியும் எதிரியின் காய்க் கணக்கும்



பாடசாலை அதிபர் ஒருவர் பல்லாங்குழியைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். திண்ணையிலே பெண்கள் பொழுதுபோக்காக ஆடும் ஆட்டம் என்று அதனை நாம் எளிதாக ஒதுக்கிவிடுகிறோம். செட்டிகுளத்திலே என் அம்மம்மாவிடம் அதனைக் கற்ற நான், அவர் ஆடிய முறையின் நுட்பத்தை விளங்கிக்கொள்வதற்கு நாற்பது ஆண்டுகள் சென்றன.

ஆட்டத்தின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள். குழிக்கு 5 காய் வீதம் 70 காய்கள். சோகி, புளியங்கொட்டை, மஞ்சாடி, குன்றிமணி எதுவும் காயாகலாம். ஒரு குழியின் காய்களை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்லவேண்டும். கைக்காய் தீர்ந்ததும் அடுத்த குழியில் உள்ளவற்றை எடுத்துத் தொடரலாம். அடுத்த குழி வெறுமையாயின், அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்கள் ஆடியவரைச் சேரும். அத்துடன் அவர் முறை முடியும். இடையில் ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்கு உரியவர் அதை எடுத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் சிறு வேறுபாடுகள் உண்டு.

சுவையான பகுதி இரண்டாம் ஆட்டையிலேதான் தொடங்குகிறது. முதலாட்டையில் வென்றவரிடம் 50 காயும் தோற்றவரிடம் 20 காயும் இருப்பதாகக் கொள்வோம். தோற்றவர் நான்கு குழிகளையே நிரப்பமுடியும். மற்ற மூன்றும் ஆட்டத்திலிருந்து விலக்கப்படும். எங்கள் வீட்டில் அவற்றின் மேல் ஈர்க்குத் துண்டொன்றை வைப்பார்கள். வென்றவர் ஏழு குழிகளுக்கும் 35 காய் இட்டு, 15 காயை மடியிலே சேமித்துக்கொள்வார். ஒருவருக்கு உள்ளதெல்லாம் களத்திலே கிடக்கிறது. மற்றவருக்கோ ஒரு பகுதி ஆபத்துக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. வட்டமும் 14 குழியிலிருந்து 11 ஆகச் சுருங்கிவிட்டது. முதலாட்டையில் மனப்பாடம் செய்து வைத்த நகர்வுகள் இனிப் பயன்படா.

இப்பொழுது ஒரு கணக்கைக் கவனியுங்கள். இந்த ஆட்டை முடியும் தறுவாயில் எதிரியிடம் 21 காய் சேர்ந்திருக்கிறது. அவர் இன்னும் இரண்டு பெற்றாலும் 23 தான். நான்கு குழிகளுக்கு மேல் நிரப்பமுடியாது. அவ்விரண்டு காயை விட்டுக்கொடுத்தாற் பெரு நட்டமில்லை. ஆனால் அவரிடம் 24 இருந்தால், ஒரேயொரு காய் அவருக்கு ஐந்தாவது குழியை மீட்டுக் கொடுத்துவிடும். முன்னே அற்பமாயிருந்த காய் இங்கே ஒரு முழுக் குழியின் பெறுமதியைப் பெறுகிறது. வென்று நிற்பவருக்கு 46 காயும் 45 காயும் ஒன்றே. 35க்கு மேற்பட்ட எதுவும் அவருக்கு ஒரு குழியையேனும் கூட்டித் தராது. ஆகவே அவர் எண்ணவேண்டியது எதிரியின் காயையே.

அம்மம்மா அதைத்தான் செய்தார். தம் மடியை அவர் பார்க்கவே மாட்டார். "என்ரை காய் எனக்குத் தெரியும் மோனே, உன்ரை காயைச் சொல்லு" என்பார். அது கேலி என்று நினைத்து நான் கோபித்த நாட்கள் உண்டு.

இலங்கையில் நீர்ப்பாசனப் பொறியியலாளராகப் பணியாற்றிய ஹென்றி பார்க்கர், 1909இல் வெளிவந்த 'பண்டைய இலங்கை' என்னும் ஆங்கில நூலில் இந்நாட்டு விளையாட்டுக்களை ஆராய்ந்திருக்கிறார். சிங்கள மக்கள் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் 'ஒலிந்த கெலிய' அவற்றுள் ஒன்று. ஒலிந்த என்பது நமது குன்றிமணியே. தமிழகத்து வழக்குகளை ஞா. தேவநேயப் பாவாணர் 1954இல் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலில் தொகுத்தார். சதுரங்க வரலாற்றை எழுதிப் புகழ்பெற்ற முரே என்னும் ஆங்கிலேயர், 1952இல் வெளியிட்ட நூலில் இவ்வினத்து ஆட்டங்களை உலகளாவ ஒப்பிட்டார். மலாய் மக்களின் 'சொங்கா'விலும் பிலிப்பைன்சின் 'சுங்கா'விலும் நிரப்பமுடியாத குழியை எரிந்த வீடு என்று சொல்வது நெஞ்சைத் தொடுகிறது. அறிஞர்கள் குழிகளையும் விதிகளையும் கவனமாக எழுதினார்கள்; ஆடுகிறவரின் மனக்கணக்கை எழுதியவர் குறைவு.

அம்மனக்கணக்கை மேலைநாட்டார் வேறோர் ஆட்டத்திலே துருவி ஆராய்ந்தனர். அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் 1970இல் உலகப் போக்கர்த் தொடர் என்னும் சீட்டாட்டப் போட்டி தொடங்கியது. 1971 முதல், பந்தய வில்லைகள் யாவற்றையும் இழந்தவர் வெளியேறவேண்டும் என்னும் முறையில் அதன் முதன்மைப் போட்டி நடந்தது. அங்கே வல்லவர்கள் தம் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே, எதிரே இருப்பவர் முன் எத்தனை வில்லைகள் உள்ளன என்று பார்க்கிறார்கள். 10,000 வில்லை உடையவரும் 2,000 உடையவரும் மோதினால், அம்மோதலில் 2,000 மட்டுமே பணயம். கட்டாயப் பந்தயம் ஏற ஏற, குறைந்த வில்லைக்காரர் காத்திருந்தே அழிந்துபோவார். ஆகவே ஏதோ ஒரு கட்டத்தில் உள்ளதனைத்தையும் வைக்கத் துணிவார். அத்தகையவரை வெறும் மிரட்டலால் விரட்டமுடியாது. நடுத்தர இருப்பு உடையவரே மிரட்டலுக்கு எளிதில் அஞ்சுவார். பணத்துக்காக ஆடும் சூதினை நான் மாணவருக்குப் பரிந்துரைக்கப் போவதில்லை. கணக்கு மட்டும் நம்முடையதை ஒத்திருக்கிறது.

ஆயினும் பல்லாங்குழியில், அப்போட்டியில் இல்லாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவரிடம் ஐந்துக்குக் குறைவான காய்களே எஞ்சினால், ஒரு குழியைக்கூட அவரால் நிரப்பமுடியாது. அப்போது குழிக்கு ஒவ்வொரு காயாக இட்டு ஆடலாம். எதிரியும் அத்தனை குழிகளில் ஒவ்வொரு காயே இடவேண்டும். இதற்குக் 'கஞ்சி காய்ச்சுதல்' என்று பெயர். 67 காய் மடியில் வைத்திருப்பவரும் 3 காயோடுதான் களத்தில் இறங்கமுடியும்.

2009இல் போர் முடிந்தபோது செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாமில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். அங்கே கற்பித்த நாட்களில் ஒருநாள், கூடாரத்து நிழலிலே மூதாட்டி ஒருவர் மண்ணிற் குழி பறித்து, கூழாங்கற்களைக் கொண்டு ஒரு சிறுமியுடன் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டேன். சிறுமியிடம் இரண்டு கற்களே எஞ்சியிருந்தன. தோற்றுவிட்டேன் என்று அவள் எழுந்தாள். "இரு பிள்ளை, கஞ்சி காய்ச்சுவம்" என்று மூதாட்டி அவள் கையைப் பிடித்து இருத்தி, தமக்கும் இரண்டு கற்களை எடுத்து வைத்தார். அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அன்று யார் வென்றார் என்பதை நான் நின்று பார்க்கவில்லை. வகுப்பு மணி அடித்துவிட்டது.