பயற்றுமுளைக்கு வாய்த்த பெயர்

கொரியர் இல்லங்களில் சோற்றைச் சுற்றிச் சிறு கிண்ணங்களில் வைக்கப்படும் தொடுகறிகளுள் முளைக்கறிக்குத் தனி இடம் உண்டு. சோயா மொச்சையின் முளையால் ஆவது கொங்நாமுல். பாசிப்பயற்றின் முளையால் ஆவது சுக்ஜு நாமுல். நாம் சந்தையில் ‘தவுகே’ என்று கேட்டு வாங்குகிறோமே, அது பின்னதுதான்.

‘கொங்’ என்றால் சோயா. ‘நாமுல்’ என்றால் பக்குவம் செய்த கீரையோ காயோ முளையோ. இதுவரை பொருள் விளங்குகின்றது. ஆயின் ‘சுக்ஜு’ என்பது பயற்றின் பெயரன்று. பாசிப்பயற்றைக் கொரியர் ‘நொக்டு’ என்பர். சுக்ஜு என்பது, வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதையின்படி, 15-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அறிஞரின் பெயர்!

அவர் சின் சுக்ஜு (1417–1475). மாமன்னர் செஜோங் 1443-இல் உருவாக்கி 1446-இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துகளுக்காக உழைத்த இளம் அறிஞர்களுள் ஒருவர். பன்மொழி வல்லவர். ஒலியியல் ஐயங்களைத் தீர்த்துக்கொள்ள, தம் நண்பர் சோங் சம்முன்னுடன் லியாவோதுங் வரை பயணம் சென்று, அங்கிருந்த சீன அறிஞர் ஒருவரைக் கண்டு வந்தவர். நள்ளிரவு வரை படித்துக் கண்ணயர்ந்த சுக்ஜுவின்மீது மன்னர் தம் மேலாடையைப் போர்த்தச் செய்தார் என்றொரு கதையும் உண்டு.

1450-இல் செஜோங் மறைந்தார். அடுத்து அரியணை ஏறிய மகன் முஞ்சோங்கும் 1452-இல் மறைந்தார். சிறுவனான பேரன் டான்ஜோங் மன்னனானான். அவனுடைய சிற்றப்பன் சுயாங் 1453-இல் ஆட்சியைக் கைப்பற்றி, 1455-இல் செஜோ என்னும் பெயருடன் தாமே முடிசூடிக்கொண்டார். சிறுவனை மீண்டும் அரியணையில் அமர்த்த 1456-இல் சிலர் திட்டமிட்டனர். திட்டம் வெளிப்பட்டது. சோங் சம்முன் சித்திரவதைக்குப்பின் கொல்லப்பட்டார். அவரோடு நினைக்கப்படுவோரைச் சேர்த்து ‘உயிர் ஈந்த அறுவர்’ எனக் கொரியர் இன்றும் போற்றுகின்றனர். சுக்ஜுவோ புதிய மன்னரின் பக்கம் நின்றார். 1462-இல் தலைமை அமைச்சரும் ஆனார்.

நேற்றுச் சமைத்தது இன்று கெட்டுவிடும் முளைக்கு, நிறம் மாறிய அமைச்சரின் பெயரை மக்கள் சூட்டிவிட்டனராம். 1924-இல் வெளிவந்த கொரியச் சமையல் நூலொன்று இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. கொழுக்கட்டை போன்ற ‘மண்டு’வுக்குப் பூரணம் செய்கையில் இம்முளையை நசுக்குவதே, அறுவரைக் காட்டிக்கொடுத்த சுக்ஜுவை நசுக்குவதாக எண்ணித்தான் என்கிறது அந்நூல்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். காட்டிக்கொடுத்தவர் சுக்ஜு அல்லர். சதியில் பங்குகொண்டிருந்த கிம் சில் என்பவரே அஞ்சிப்போய்ச் செய்தியை வெளியிட்டார். இன்னொரு கதையும் உலவுகின்றது: அறுவர் மாண்ட நாளில் கணவர் உயிரோடு வீடு திரும்பியதைக் கண்ட சுக்ஜுவின் மனைவி நாணித் தூக்கிட்டுக்கொள்ள முயன்றாராம். அந்த அம்மையார் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே, அதாவது சதி வெளிப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, இறந்துவிட்டதை அரசவைக் குறிப்பேடு பதிந்து வைத்துள்ளது. கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும் நாள் ஒத்துவரவில்லை!

இக்கதையைக் கேட்கும் மாணாக்கர், “அப்படியானால் அவர் நல்லவரா, கெட்டவரா?” என்றுதான் முதலில் கேட்பர். நண்பனின் சாவுக்குப் பின்னும் பதவியில் அமர்ந்திருந்தாரே என்ற குற்றச்சாட்டு எளிதில் நீங்கக்கூடியதன்று. ஆனால், செய்த குற்றத்திற்குச் செய்யாத குற்றத்தையும் சேர்த்துச் சுமத்துவது வரலாறு ஆகாது என்பதை அவர்களிடம் சொல்லலாம் என்பது என் கருத்து.

முளை விரைவில் கெடும் என்பது மட்டும் உண்மை. நீர்ச்சத்து மிகுந்தது, தண்டு மெல்லியது. கொதிநீரில் சிட்டிகை உப்பிட்டு, தவுகேயை ஓரிரு நிமிடம் மட்டும் வேகவிட்டுக் குளிர்நீரில் அலசி மெல்லப் பிழியுங்கள். நசுக்கிய பூண்டு, நறுக்கிய வெங்காயத்தாள், உப்பு, வறுத்த எள், எள்ளின் நெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையால் பிசறி, அன்றே உண்டு முடித்துவிடுங்கள். கொங்நாமுலுக்கும் இதே பக்குவந்தான். சிலர் மிளகாய்த்தூளும் சேர்ப்பர். முளை தடிப்பாதலால் சற்றுக் கூடுதலாக வேகவேண்டும். இடையில் மூடியைத் திறந்தால் பச்சை வாடை தங்கிவிடும் என்று கொரியத் தாய்மார் எச்சரிப்பர். முற்காலத்தில் அடியில் துளையுள்ள மட்பானையில் சோயாவை இட்டு, ஒளி படாமல் கருந்துணியால் மூடி, நாள்தோறும் பலமுறை நீர் வார்த்து வீட்டிலேயே வளர்த்தனர். ஒளி பட்டால் முளையின் தலை பசுமையாகிவிடும்.

சுக்ஜுவுக்கு வருவோம். 1443-இல் தூதுக்குழுவோடு ஜப்பான் சென்று வந்த அவர், 1471-இல் அந்நாட்டைப் பற்றி விரிவான நூல் எழுதினார். இறக்கும் தறுவாயில், ஜப்பானோடு நல்லுறவை இழந்துவிடாதீர்கள் என்று மன்னர் சோங்ஜோங்கிடம் அவர் வேண்டியதாகக் கூறுவர். 1592-இல் ஜப்பானியப் படை கொரியாவில் இறங்கியது. அப்போரின் நெருக்கடியைத் தாங்கிய அமைச்சர் யூ சோங்நியோங், பின்னர்த் தாம் எழுதிய போர்க்குறிப்பு நூலின் தொடக்கத்திலேயே இவ்வேண்டுகோளை நினைவுகூர்ந்துள்ளார்.

வட கொரியாவில் இம்முளைக்கறியை ‘நொக்டு நாமுல்’ என்று பயற்றின் பெயராலேயே வழங்குகின்றனர். தெற்கில் அது இன்னும் சுக்ஜுதான்.